பழைய ஓட்டின் மேல் புதிய ஓடு

வீடுகளின் வரலாற்றை எழுதுவோர் முகப்பையும் முற்றத்தையும் பற்றி விரிவாக எழுதுவர். குளியலறையைப் பற்றி எழுதியோர் சிலரே. ஆயினும் ஒரு நகரத்து மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்குக் குளியலறைச் சுவரும் நல்ல சான்றாகும். நாம் பேச்சு வழக்கில் 'டைல்ஸ்' என்று சொல்லும் பீங்கான் ஓடு சிங்கப்பூர்க் குளியலறைக்குள் எப்படி வந்தது, பழைய ஓட்டை உடைக்காமலே புதுப்பிக்கும் முறை எவ்வாறு ஏற்பட்டது, அதில் நாம் கவனிக்க வேண்டியது யாது என்பனவற்றை இன்று பார்ப்போம்.

ஒரு காலத்தில் இவ்வோடு செல்வர்களின் பொருளாக இருந்தது. ஈரக் களிமண்ணை அச்சில் வார்த்து, நாள் கணக்கில் உலர்த்திச் சுட வேண்டும். உலரும்போதே பல ஓடுகள் கோணிவிடும். 1840இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் பிராசர் என்பவர் ஏறத்தாழ உலர்ந்த களிமண் தூளை அச்சிலிட்டு அழுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பீங்கான் தொழில் அதிபர் ஹெர்பர்ட் மின்டன் அதனைக் கொண்டு ஓடுகள் செய்யலானார். உற்பத்தி பெருகியது, விலை இறங்கியது.

அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், நோய்களைப் பரப்புபவை கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே என்பது நிலைநாட்டப்பட்டது. ஜெர்மன் மருத்துவ அறிஞர் ராபர்ட் காக் 1884இல் கல்கத்தாவில் காலராக் கிருமியை ஆராய்ந்து அறிவித்தார். அதன் பின், கழுவித் துடைக்கக்கூடிய சுவர் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. பளபளப்பான வெள்ளை ஓட்டில் அழுக்கு ஒளிந்திருக்க முடியாது. ஆகவே மருத்துவமனைகளிலும் குளியலறைகளிலும் அது இடம்பிடித்தது.

சிங்கப்பூரிலோ ஓடு முதலில் சிறப்புப் பெற்றது வீட்டு முகப்பில்தான். பெட்டேன் சாலையிலும் கூன் செங் சாலையிலும் உள்ள பழைய வரிசை வீடுகளின் முன்சுவர்களில் பூ வேலைப்பாடுள்ள வண்ண ஓடுகளை இன்றும் காணலாம். அத்தகைய ஓடுகள் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்தும், முதல் உலகப் போருக்குப் பின் பெருமளவில் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்தன. நம் செட்டிநாட்டு மாளிகைகளிலும் ஜப்பானிய ஓடுகள் உண்டு.

ஆனால் முன்புறம் பூ ஓடு மின்னிய காலத்தில், பின்புறத்தில் இருந்தது வாளிக் கழிவறை! ஒன்றோடொன்று முதுகு ஒட்டிக் கட்டப்பட்ட கடைவீடுகளில், கழிவு வாளியை வீட்டின் உள்ளே நடந்து, முன்வாசல் வழியாகத்தான் எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. 1907இல் வெளியான பேராசிரியர் சிம்ப்சனின் சுகாதார அறிக்கை, நெரிசலையும் காற்றோட்டமின்மையையும் எடுத்துக்காட்டி, வீடுகளுக்குப் பின்னால் சந்துகள் அமைக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. கழிவுநீர்க் குழாய்கள் பின்னர் சிறிது சிறிதாக நகரெங்கும் பரவின. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றி, அடுக்குமாடி வீடுகள் பெருகியபோது, ஒவ்வொரு குடும்பத்திற்கும் சொந்தக் கழிவறையும் தண்ணீர்க் குழாயும் கிடைத்தன. வாளி முறை 1987இல் முற்றாக மறைந்தது. குளியலறைக்குள் ஓடு பதித்த சுவர் அந்தத் தலைமுறைக்கு எத்தகைய மதிப்பாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அவ்வீடுகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. ஓடு நிறம் மங்கி, இடுக்குகளில் கறை ஏறியிருக்கிறது. உடைத்துப் போடலாமா என்று பலர் கேட்கின்றனர். பழைய நாளில் ஒரு விரற்கடைக்கு மேல் கனமாகச் சாந்து பூசித்தான் ஓடு பதித்தனர். ஆகவே பழையதன் மேல் புதியது என்பதற்கு இடமே இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, மெல்லிய பூச்சிலேயே உறுதியாகப் பிடிக்கும் பசைச் சாந்துகள் வந்தன. அவற்றால்தான் ஓட்டின் மேல் ஓடு ஒட்டுவது எளிதாயிற்று. சுவருக்கு மட்டும் புதுமை போதுமெனில், இரு கலவை சேர்த்துப் பூசும் எப்பாக்சி வண்ணமும் உண்டு. நீர் தேங்கும் தரையில் அவ்வண்ணம் நெடுநாள் தாங்குவதில்லை.

இங்கே ஒன்றை மறக்கலாகாது. நீரைத் தடுப்பது ஓடு மட்டுமன்று. அதன் அடியிலுள்ள நீர்க்காப்புப் படலமே முக்கியக் காவல். உடைக்கும் உளி அப்படலத்தைக் கிழித்தால், துன்பப்படுபவர் கீழ்வீட்டுக்காரர். புதிய அடுக்குமாடிகளில் கட்டடம் முடிந்து 3 ஆண்டுகள் வரை குளியலறை ஓடுகளைப் பெயர்க்கக்கூடாது எனக் கழகம் விதித்திருப்பதும் இதனால்தான். கூரையில் நீர் கசிந்தால், மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்தே பொறுப்பேற்க வேண்டும் என்பதும் அதன் நிலைப்பாடு.

அப்படியானால் மேலே ஒட்டிவிடுவதே நல்லதா? அதற்கும் சில நிபந்தனைகள் உண்டு. முதலில் மரக் கைப்பிடியால் ஒவ்வோர் ஓட்டையும் தட்டிப் பார்க்க வேண்டும். வெற்றொலி கேட்டால் அவ்வோடு பிடி விட்டது என்று பொருள். அதைப் பெயர்த்துச் சீர் செய்யாமல் மேலே ஒட்டினால், இரண்டும் சேர்ந்தே விழும். சோப்புப் படிவை நன்கு நீக்கி, மெருகைச் சற்றுத் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். தரை உயர்வதால் கதவின் அடி உரசும்; நீர் வடியும் வாயையும் அதற்கேற்ப உயர்த்தி, சரிவு காக்க வேண்டும். கழக வீடுகளில் தரைப்பூச்சும் ஓடும் சேர்ந்து 50 மில்லிமீட்டர் கனத்தை மிஞ்சக்கூடாது. அதற்கு மேற்பட்ட சுமை கட்டடத்திற்கு ஆகாது.

எல்லாவற்றிற்கும் மேலாக, கீழ்வீட்டில் ஏற்கெனவே கசிவு இருக்குமானால், மேலே எத்தனை ஓடு ஒட்டினாலும் அது நோயை மறைப்பதே ஆகும். அங்கே உடைத்து, படலத்தைப் புதிதாக இட்டு, பிறகே ஓடு பதிக்க வேண்டும்.

முகப்பில் பூவும் பின்புறத்தில் வாளியுமாக வாழ்ந்த காலத்திலிருந்து நாம் வந்திருக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத குழாயும் படலமுமே அம்மாற்றத்தை நிலைக்கச் செய்தன. உங்கள் குளியலறையைப் புதுப்பிக்க எண்ணும்போது, எந்த நிற ஓடு என்று கேட்பதற்கு முன், கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, "உங்கள் கூரை நன்றாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். அதற்குக் கிடைக்கும் விடையே, ஓட்டை மூடுவதா உடைப்பதா என்பதற்கும் விடையாகும்.