மைல் எண்ட்: மொன்றியலின் விளிம்பில் 32 ஆண்டுகள் நடந்த ஓர் ஊராட்சி (1878–1909)

முன்னுரை

மொன்றியலில் மைல் எண்ட் என்பது இன்று ஒரு குடியிருப்புப் பகுதியின் பெயர். அதற்கென்று தனி மேயரும் இல்லை, தனிக் கருவூலமும் இல்லை. ஆனால் 1878 முதல் 1909 முடியும் வரை அது தன் உறுப்பினர்களைத் தானே தேர்ந்தெடுத்து, வரி விதித்து, கடன் வாங்கி, தெரு போட்டுத் தன்னைத் தானே நடத்திக்கொண்ட ஊர். முதல் 17 ஆண்டுகள் அது சேன்-லூயி-து-மைல்-எண்ட் என்ற கிராம ஊராட்சியாகவும், அடுத்த 15 ஆண்டுகள் சேன்-லூயி என்ற நகராட்சியாகவும் இருந்தது. 1910 சனவரி 1 அன்று மொன்றியலுடன் இணைக்கப்பட்டது.

பெருநகரம் ஒரு நாட்டுப்புறத்தை விழுங்கிய கதையாகவே இத்தகைய ஊர்களின் வரலாற்றைச் சொல்வது வழக்கம். அந்த வழக்கம் ஒரு முக்கியமான உண்மையை மறைக்கிறது. வயலும் கல்குவாரியுமாகக் கிடந்த நிலத்தை நகரமாக்கும் வேலையைச் செய்ததே இந்தக் கிராம ஊராட்சிதான். அதைச் செய்து முடிக்க வாங்கிய கடனும் அழைத்து வந்த மக்கள்தொகையுமே பின்னர் அதன் தனித்தன்மைக்கு முடிவு கட்டின. இந்த வாதத்தை, ஊராட்சி பிறந்த சட்டச் சூழல், அது இயங்கிய முறை, அதன் முடிவு என்ற வரிசையில் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. சட்டப் பின்னணி

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கியூபெக்கின் நாட்டுப்புறத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர் மன்றம் எதுவும் இருந்ததில்லை. நிலம் நிலக்கிழார்களிடம் இருந்தது. மொன்றியல் தீவு முழுவதுமே 1663 முதல் சுல்பீசியன் குருமாரின் உடைமையாக இருந்தது. ஊர்ப் பொதுக்காரியம் என்றால் அது பங்குக் கோயிலின் காரியம். வீதிகளுக்கு அரசு அதிகாரி ஒருவர் பொறுப்பு. பிரித்தானியர் ஆட்சிக்கு வந்த பிறகும் இந்த ஏற்பாடு நெடுங்காலம் நீடித்தது.

1837–38 கிளர்ச்சிகளுக்குப் பின் நிலைமையை ஆராய்ந்த டர்ஹாம் பிரபு, 1839இல் அளித்த அறிக்கையில், கீழ்க் கனடா என்று அன்று அழைக்கப்பட்ட கியூபெக்கில் உள்ளூராட்சி இல்லாததை ஒரு பெருங்குறையாகச் சுட்டினார். 1840இல் பிறந்த கட்டளைச் சட்டம் மாவட்ட மன்றங்களை உருவாக்கியது. அவற்றின் தலைவரை ஆளுநரே நியமித்தார். மக்கள் அதை ஏற்கவில்லை. வரி பிடுங்கும் இயந்திரம் என்றே அதைப் பழித்தார்கள். பள்ளிக்கூட வரியை எதிர்த்து 1840களின் பிற்பகுதியில் நாட்டுப்புறங்களில் பெருங்கலகமே மூண்டது. 1845இல் பங்கு அளவிலும் 1847இல் கவுண்டி அளவிலும் மன்றங்கள் அமைக்கப்பட்டன. 1855ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் அடுக்கி, கீழே பங்கு அல்லது கிராம ஊராட்சி, மேலே கவுண்டி மன்றம் என்ற நிலையான அமைப்பை ஏற்படுத்தியது. 1870இல் நிறைவேறி 1871இல் நடைமுறைக்கு வந்த கியூபெக் நகராட்சிச் சட்டத் தொகுப்பு இவற்றை ஒரே நூலாகத் திரட்டியது.

இந்தச் சட்டங்களில் கிராமம் என்பதற்குத் தனிப் பொருள் உண்டு. பரந்த பங்குக்குள் வீடுகள் நெருங்கி அமைந்த ஒரு பகுதி, வயல்காரர்களுக்குத் தேவைப்படாத நடைபாதை, விளக்கு, குடிநீர் போன்ற வசதிகளைக் கேட்கும். அவற்றுக்கான செலவை வயல்காரர்கள் ஏற்க மாட்டார்கள். ஆகவே அப்பகுதி தனியே பிரிந்து, தன் செலவுக்குத் தானே வரி விதித்துக்கொள்ளச் சட்டம் வழிவிட்டது. மைல் எண்டின் கதை இந்த ஏற்பாட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

2. கல்லும் சத்திரமும்

மொன்றியலின் வடக்கு எல்லைக்கு அப்பால், சேன்-லோரான் வீதி மேட்டுநிலத்தில் ஏறிச் செல்லும் இடத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மைல் எண்ட் என்ற பெயரில் ஒரு சத்திரம் இருந்தது. 1810 முதல் ஃபினியஸ் பாக் என்பவரும் அவர் மகன் ஸ்டான்லி பாக்கும் அதை நடத்தினர். இங்கிலாந்திலிருந்து வந்த இறைச்சி வியாபாரி ஜான் கிளார்க்கின் மகளை 1819இல் ஸ்டான்லி மணந்தார். கிளார்க் சேர்த்த நிலங்களும் பாக் சேர்த்த நிலங்களும் ஒரே குடும்பத்தின் கைக்கு வந்தன. பேரன் ஸ்டான்லி கிளார்க் பாக் காலத்தில் அக்குடும்பம் தீவின் பெரிய நில உடைமையாளர்களுள் ஒன்றாக விளங்கியது.

சத்திரத்துக்குக் கிழக்கே வேறோர் உலகம். சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல் அங்கே கிடைத்தது. மொன்றியலின் பெரிய கட்டடங்கள் பல அந்தக் கல்லால் எழுந்தவை. கல்குவாரித் தொழிலாளர் குடியிருப்பாக வளர்ந்த கோத்-சேன்-லூயி 1846இல் கிராம ஊராட்சியானது. அடுத்த அரை நூற்றாண்டில் அந்தத் தாய்க் கிராமத்திலிருந்து பல ஊர்கள் பிரிந்தன: 1861இல் தெற்கே சேன்-ஜான்-பாப்தீஸ்த், 1875இல் மேற்கே ஊத்ரமோன், 1878இல் மைல் எண்ட்.

3. 1878: பிரிவினை

மூன்று ஆண்டு இடைவெளியில் இரண்டு ஊர்கள் ஏன் பிரிந்தன? விடை இரயில் பாதையில் இருக்கிறது. மொன்றியலையும் வடக்கே இருந்த குடியேற்ற நிலங்களையும் இணைக்கும் இரயில் பாதைக்காகப் பாதிரியார் லபெல் ஊர் ஊராகப் பேசிவந்தார். அவரோடு நின்று அரசியல் களத்தில் வாதாடியவர் லூயி போபியன். இவர் 1867 முதல் ஒஷலாகா தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர்; 1876 முதல் 1878 வரை சட்டமன்றச் சபாநாயகர். இவர் தந்தை, மருத்துவரும் அரசியல்வாதியுமான பியேர் போபியன், 1842 முதல் இப்பகுதியில் நிலம் வாங்கி வந்தவர். மைல் எண்டின் பங்குக் கோயில் எழ நிலக்கொடை தந்தவர். 1876இல் இரயில் வந்தது, மைல் எண்டில் நிலையமும் அமைந்தது. 1882இல் அப்பாதை கனேடியன் பசிபிக் நிறுவனத்தின் கைக்குப் போனது. குதிரை வண்டி மட்டுமே போன மேட்டுநிலம், சரக்கும் ஆளும் வந்திறங்கும் இடமாக மாறிவிட்டது.

அதே 1878இல் மொன்றியலின் கண்ணாடி மாளிகை என்ற பொருட்காட்சி மண்டபம் மலையடிவாரத்துக்கு இடம்பெயர்ந்தது. நிலத்தின் விலை ஏறும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கல்குவாரித் தொழிலாளரும் சிறு வீட்டுக்காரரும் பெரும்பான்மையாக இருந்த கிழக்குப் பகுதியின் நோக்கம் ஒன்று. பெரிய நிலங்கள் சில குடும்பங்களிடம் இருந்த மேற்குப் பகுதியின் நோக்கம் வேறொன்று. தெரு திறப்பதா, எங்கே திறப்பது, யார் செலவில் திறப்பது என்ற கேள்விகளுக்கு ஒரே மன்றம் இருவருக்கும் ஏற்ற விடை தந்திருக்க முடியாது. நில உடைமை அமைந்திருந்த விதத்தையும் பிரிவினை நிகழ்ந்த காலத்தையும் சேர்த்துப் பார்த்தால், 1878இன் எல்லைக்கோடு நில உடைமையாளரின் தேவையை ஒட்டி வரையப்பட்டது என்றே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஊத்ரமோனுக்கும் மைல் எண்டுக்கும் இடையே அக்காலத்தில் விழுந்த கோடு, ஹட்சிசன் வீதி வழியாக இன்றும் இரண்டு நகரப் பிரிவுகளின் எல்லையாக இருக்கிறது.

4. ஊராட்சி இயங்கிய முறை

நகராட்சிச் சட்டத் தொகுப்பின்படி ஒவ்வொரு கிராமத்துக்கும் ஏழு உறுப்பினர்கள். சனவரியில் தேர்தல். மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஏழு பேரும் கூடித் தங்களுள் ஒருவரை அமர்த்தினர். அந்த மேயர் கவுண்டி மன்றத்திலும் அமர்வார். வாக்களிக்கச் சொத்துத் தகுதி வேண்டும், வரிப்பாக்கி இருக்கக் கூடாது. ஆகவே கூலிக்கு வேலை செய்து சிறு வாடகைக் குடியிருப்பில் வாழ்ந்தவர் பலருக்கு இந்த மன்றத்தில் குரல் இல்லை.

அன்றாட நிர்வாகத்தின் அச்சு செயலாளர்-பொருளாளர். கூட்டக் குறிப்பு எழுதுவது, வரிப் பட்டியல் தயாரிப்பது, பணம் வசூலிப்பது, கணக்கு வைப்பது எல்லாம் அவர் வேலை. மதிப்பீட்டாளர் மூவர் ஒவ்வொரு நிலத்தையும் வீட்டையும் பார்த்து மதிப்பிட்டுப் பதிவேட்டில் ஏற்றுவர். யாழ்ப்பாணத்தில் சோலைவரி என்று நாம் அறிந்ததன் அடிப்படை இதுவே: சொத்தின் மதிப்பு எவ்வளவோ அதற்கேற்ப வரி. வீதிக் கண்காணிப்பாளர், வேலி வாய்க்கால் தகராறுகளைத் தீர்ப்பவர், கட்டாக்காலி மாடுகளை அடைக்கும் பட்டிக்காரர் ஆகியோரும் ஊராட்சி அலுவலர்களே. இந்தப் பதவிகளுக்கு நியமிக்கப்பட்டவர் தகுந்த காரணமின்றி மறுத்தால் அபராதம் உண்டு.

பொது அறிவிப்புகள் கோயில் வாசலில் ஒட்டப்படும். ஞாயிறு பூசை முடிந்து மக்கள் வெளியே வரும்போது உரக்க வாசிக்கப்படும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தம் மீது விழும் வரியின் செய்தி காதில் விழ வேண்டும் என்ற அக்கறை இதில் இருந்தது. பங்கின் பழைய ஒழுங்கும் ஊராட்சியின் புதிய ஒழுங்கும் ஒரே வாசலில் சந்தித்தன.

நோய்க் காலம் ஊராட்சியின் பொறுப்பை விரித்தது. 1885இல் பெரியம்மை மொன்றியலில் 3,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொன்றது. சுற்றியிருந்த சிற்றூர்களையும் அது விடவில்லை. நகர எல்லையைக் கிருமி மதிப்பதில்லை என்று கண்ட மாகாண அரசு, சுகாதாரக் குழு அமைக்கும் கடமையை ஊராட்சிகள் மீது சுமத்தியது. கிணறு, கழிவு, தடுப்பூசி ஆகியவை வேலி வாய்க்காலுக்குப் பக்கத்தில் நிகழ்ச்சிநிரலில் இடம்பிடித்தன.

5. 1871: இலங்கையிலும் சென்னை மாகாணத்திலும்

இந்த வரலாறு தமிழருக்கு அந்நியமானதல்ல. கியூபெக் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்த அதே 1871இல் இலங்கையில் கிராமச் சமூகங்கள் கட்டளைச் சட்டமும், சென்னை மாகாணத்தில் உள்ளூர் நிதிச் சட்டமும் நகர மேம்பாட்டுச் சட்டமும் பிறந்தன. இவை எல்லாமே ஒரே பேரரசின் நிழலில் உருவானவை; வீதி, சுகாதாரம் முதலியவற்றின் செலவை உள்ளூரிலேயே திரட்டச் செய்வது அவற்றின் பொதுவான நோக்கம். 1848இல் இலங்கையின் வீதிச் சட்டம் ஆண்டுக்கு ஆறு நாள் இலவச உழைப்பைக் கேட்டது. கியூபெக்கிலும் நிலக்காரர் தம் நிலத்தை ஒட்டிய வீதியைத் தாமே பராமரிக்கும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது.

வேறுபாடு அதிகாரத்தில் இருந்தது. சென்னை மாகாணத்தில் உள்ளூர் நிதி வாரியத்தின் தலைமை கலெக்டரிடம். இலங்கையில் கிராமக் குழுவின் மேல் அரசாங்க அதிபரின் கை. மைல் எண்டிலோ ஏழு உறுப்பினர்களும் தம் மேயரைத் தாமே தேர்ந்தார்கள், வரி வீதத்தைத் தாமே நிர்ணயித்தார்கள். ஒரே ஆண்டில் பிறந்த சட்டங்கள் குடியேறிய ஐரோப்பியருக்குத் தந்த நம்பிக்கையை நம் ஊர்களுக்குத் தரவில்லை. வரி கேட்கும்போது சமமாக நடத்திய பேரரசு, முடிவெடுக்கும் உரிமையைப் பகிரும்போது அப்படி நடத்தவில்லை.

6. வளர்ச்சியும் கடனும்

1891இல் மைல் எண்டின் மக்கள்தொகை சுமார் 3,500. 1892இல் மொன்றியலில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அதன் தண்டவாளம் மேட்டுநிலத்தில் ஏறியது. நகரத்தில் வேலை, மைல் எண்டில் வீடு என்ற வாழ்க்கை தொழிலாளிக்கும் கைக்கெட்டியது. 1895இல் கிராமம் சேன்-லூயி நகராட்சியாக உயர்ந்தது. 1896இல் கண்ணாடி மாளிகை தீக்கிரையானது. பொருட்காட்சித் திடல் வீட்டுமனைகளாயிற்று. வெளிப்படிக்கட்டு வைத்த மாடி வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. பிரெஞ்சுக்காரர், ஐரிஷ்காரர், கிழக்கு ஐரோப்பிய யூதர் எனப் பல மொழியினர் குடிவந்தனர். 1911இல் இப்பகுதியில் ஏறத்தாழ 37,000 பேர் வாழ்ந்தனர். இருபதே ஆண்டில் பத்து மடங்கு.

மனை விற்க வேண்டுமானால் முதலில் தெருவும் தண்ணீரும் வடிகாலும் வேண்டும். அவற்றுக்கான பணத்தை ஊராட்சி கடன்பத்திரம் வெளியிட்டுத் திரட்டும். கடனை எல்லா வரி செலுத்துவோரும் அடைப்பர். நில விலை ஏறிய இலாபம் மனை விற்பவருக்குப் போகும். மேசொன்னவ் என்ற மற்றோர் ஊரை ஆராய்ந்த பால்-ஆந்த்ரே லாந்தோ, நில வணிகர்களே ஒரு நகரத்தை உற்பத்தி செய்த விதத்தை 1981இல் வெளிவந்த நூலில் விரிவாகக் காட்டினார். அவர் காட்டிய பாங்கு மைல் எண்டுக்கும் பொருந்துகிறது. தண்ணீர் விநியோகம் மொன்றியல் வாட்டர் அண்ட் பவர் என்ற தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தது. சிற்றூர்கள் தனித்தனியே ஒப்பந்தம் செய்ததால் பேரம் பேசும் வலு நிறுவனத்தின் பக்கமே நின்றது. அந்நிறுவனத்தை 1927இல் மொன்றியல் நகரம் விலைக்கு வாங்கியபோது 1 கோடியே 40 லட்சம் டாலர் கொடுக்க நேர்ந்தது.

7. இணைப்பு

ஒஷலாகா என்ற ஊர் 1883இல், சேன்-ஜான்-பாப்தீஸ்த் 1886இல், தாய்க் கிராமமான கோத்-சேன்-லூயி 1893இல் மொன்றியலுடன் சேர்ந்தன. சேரும் ஊரின் கடனை நகரம் ஏற்கும். முடிக்காத வேலைகளை முடித்துத் தரும். ஒஷலாகாவின் மேயராயிருந்த ரேமோன் ப்ரேஃபோந்தேன் இணைப்புக்குப் பின் மொன்றியல் மன்றத்தில் நுழைந்து 1898இல் மொன்றியல் மேயரே ஆனார். சிற்றூர் ஆட்சியில் பயின்றவர்கள் பெருநகர ஆட்சியைக் கைப்பற்றியதற்கு இது தெளிவான சான்று.

சேன்-லூயி இறுதிவரை நம்பிக்கையோடு இருந்தது போலத் தெரிகிறது. சேன்-லோரான் வீதியும் லோரியே அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் கட்டடக் கலைஞர் எமில் வனியே வடிவமைத்த கோபுரமுடைய நகர மண்டபம் 1905இல் எழுந்தது. ஐந்தே ஆண்டில் அதை எழுப்பிய மன்றம் இல்லாமல் போயிற்று. கட்டடம் இன்று தீயணைப்பு நிலையம். மேசொன்னவ் சுமார் 1 கோடியே 80 லட்சம் டாலர் கடனோடு 1918இல் இணைந்தது. ஆனால் 1875இல் பிரிந்த ஊத்ரமோன் 2002 வரை தனித்தே நின்றது. கட்டட விதிகளைக் கடுமையாக்கிச் செல்வரைக் குடியேற்றிய ஊரின் வரித்தளம் கடனைத் தாங்கியது. தொழிலாளருக்கு இடம் கொடுத்த ஊர் தன் ஆட்சியை இழந்தது. கொடுக்காத ஊர் காத்துக்கொண்டது. உள்ளூராட்சி வரலாற்றில் இது கசப்பான உண்மை.

முடிவுரை

மைல் எண்ட் ஊராட்சியை நில வணிகர்களின் கருவி என்று மட்டும் தள்ளிவிட முடியாது. தெரு, வடிகால், சுகாதாரக் குழு ஆகியவை அங்கே குடிவந்த ஆயிரக்கணக்கானோருக்கு வாழ்விடம் ஆயின. அதன் குறை, கடனை எல்லோர் தலையிலும் ஏற்றிவிட்டு, முடிவெடுக்கும் உரிமையைச் சொத்துள்ளவரிடம் மட்டும் வைத்ததில் இருந்தது. வாக்கில்லாத வாடகைக்காரரின் பெருக்கமே ஊரின் வளர்ச்சியாக இருந்தபோது, அந்த ஊராட்சியைக் காக்க எழுந்து நிற்கக் கூடியவர் தொகை சுருங்கிக்கொண்டே வந்தது.

இக்கேள்வி மொன்றியலில் இன்னும் முடியவில்லை. 2002இல் தீவின் நகராட்சிகள் அனைத்தும் ஒன்றாக்கப்பட்டன. 2004 வாக்கெடுப்பின்படி 2006இல் 15 நகராட்சிகள் மீண்டும் பிரிந்தன. மொன்றியல் திருமுருகன் கோயில் அமைந்துள்ள தொலார்-தே-ஓர்மோ அவற்றுள் ஒன்று. பார்க் எக்ஸ்டென்ஷனிலும் கோத்-தே-நேஜிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல வாடகைக்காரர்களாகவே வாழ்வைத் தொடங்கியவை. வீட்டு ஆய்வு, குப்பை அகற்றல், பூங்கா, நூலகம் என்று அவர்களின் நாளைத் தொடும் பல காரியங்களை இன்று நகரப் பிரிவு மன்றங்கள் கவனிக்கின்றன. 1878இல் இல்லாத ஒன்று இன்று வாடகைக்காரரான குடிமக்களிடம் இருக்கிறது: சொத்துத் தகுதி கேட்காத வாக்கு. வரியும் கடனும் முடிவெடுக்கும் உரிமையும் ஒரே மக்களிடம் சேர்ந்திருந்தால்தான் உள்ளூராட்சி நிலைக்கும் என்பது மைல் எண்ட் தரும் பாடம். அந்த வாக்கை மாகாணத் தேர்தலுக்கும் கூட்டாட்சித் தேர்தலுக்கும் மட்டும் வைத்துக்கொண்டு நகரப் பிரிவுத் தேர்தலை விட்டுவிடுவது, மொன்றியலின் வாடகைக்காரர் ஒரு நூற்றாண்டு காத்திருந்து பெற்ற உரிமையைக் கைநழுவ விடுவதாகும்.