ரொஹாங் என்னும் நாடு, ரோஹிங்கியா என்னும் பெயர்

‘ரோஹிங்கியா’ என்ற சொல்லை மியான்மர் அரசு தன் ஏடுகளில் ஏற்பதில்லை. தங்களை அப்படி அழைத்துக்கொள்ளும் ராக்கைன் மாநில முஸ்லிம்களை ‘வங்காளிகள்’ என்றே எழுதிவருகிறது. 2016இல் ஆங் சான் சூ கியின் அரசு, அந்தப் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று வெளிநாட்டுத் தூதர்களையே கேட்டுக்கொண்டது. ஒரு பெயருக்கு ஏன் இத்தனை அச்சம்? சொல்லைப் பிரித்துப் பார்த்தால் விளங்கும்.

இன்றைய ராக்கைன் மாநிலம்தான் பழைய அரக்கான். அதற்கு வங்காள மொழியில் ‘ரொசாங்’ என்றொரு பெயர் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் அரக்கான் அரசவையில் இருந்துகொண்டு வங்காள மொழியில் பாடிய முஸ்லிம் புலவர் ஆலாவல் அந்த நாட்டை அப்படித்தான் அழைத்தார். சிட்டகாங் பக்கத்துப் பேச்சில் சகரம் ஹகரமாகத் தேயும். ரொசாங் ‘ரொஹாங்’ ஆனது. அதோடு இடப்பெயரை ஆள்பெயராக்கும் விகுதி சேர, ரோஹிங்கியா. நாம் மதுரைக்காரர், நெல்லைக்காரர் என்பதுபோல ‘அரக்கான்காரர்’ என்பதே பொருள். பெயரை ஒப்புக்கொண்டால், அவர்கள் அந்த மண்ணுக்கு உரியவர்கள் என்பதையும் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அரசியலுக்காக 1950களில் புனைந்த பெயர் இது என்று மறுப்பவர்கள் வாதிடுகிறார்கள். இனப்பெயராக அது பரவியது அந்தக் காலத்தில்தான் என்பது சரியே. ஆனால் சொல் மிகப் பழையது. மைசூரும் கொங்கு நாடும் மலபாரும் சுற்றிப் பயணநூல் எழுதிய மருத்துவர் பிரான்சிஸ் புக்கானனை நமக்குத் தெரியும். அதற்கு முன்பே பர்மாவில் இருந்தவர் அவர். அந்நாட்டு மொழிகளை ஒப்பிட்டு அவர் எழுதிய கட்டுரை 1799இல் ‘ஆசியாடிக் ரிசர்ச்சஸ்’ இதழில் வந்தது. அரக்கானில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் முகமதியர் தங்களை ‘ரூயிங்கா’ என்று சொல்லிக்கொள்கிறார்கள், அரக்கான் மண்ணின் மக்கள் என்பது அதன் பொருள் என்று அதில் குறித்திருக்கிறார்.

அதே 1799இல் ஒரு சாவும் நேர்ந்தது. பர்மிய அரசர் போதவ்பயாவின் படை 1784இல் அரக்கானைப் பிடித்தபின், பல்லாயிரம் பேர் நாஃப் ஆற்றைக் கடந்து கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிப் பகுதிக்கு ஓடிவந்தார்கள். பெரும்பாலோர் பௌத்தர். அவர்களைக் குடியமர்த்தப் போன கம்பெனி அதிகாரி ஹைரம் காக்ஸ் வேலை முடியுமுன்பே இறந்துபோனார். அவர் பெயரில் எழுந்த சந்தைதான் இன்றைய வங்கதேசத்தின் காக்ஸ் பஜார். 2017 ஆகஸ்டில் தொடங்கிய ராணுவத் தாக்குதலுக்குப் பின் ஏழு லட்சத்துக்கும் மேலான ரோஹிங்கியா முஸ்லிம்கள் அதே ஆற்றைக் கடந்து அதே காக்ஸ் பஜாருக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

மியான்மரின் 1982 குடியுரிமைச் சட்டம் எந்த மதத்தையும் பெயர் சொல்லி விலக்கவில்லை. 1823க்கு முன்பே அங்கே வாழ்ந்த இனம் எது என்பதை அரசே முடிவுசெய்யும் என்கிறது. புக்கானனின் குறிப்பு அதற்கும் 24 ஆண்டு முந்தியது. இருந்தும் அரசு வெளியிட்ட 135 இனங்களின் பட்டியலில் ரோஹிங்கியா இல்லை. ‘காமன்’ முஸ்லிம்களுக்கு இடம் தந்திருக்கிறோமே, இதில் எங்கே மதப் பாகுபாடு என்று கேட்கிறார்கள். ராக்கைனில் நடந்த 2012 கலவரத்தில் அந்தக் காமன்களும் வீடிழந்து விரட்டப்பட்டார்கள். 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அதிகாரி வாசலில் நின்று இனம் கேட்பார். ‘ரோஹிங்கியா’ என்று பதில் வந்தால் எதையும் எழுதாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். தெருவில் ரோஹிங்கியாக்கள்மீது வீசப்படும் ‘கலா’ என்ற வசைச்சொல்லை பர்மாத் தமிழர்களும் கேட்டவர்கள்தான்.

எல்லை தாண்டினாலும் பெயர்ச்சிக்கல் விடவில்லை. ‘வலுக்கட்டாயமாக இடம்பெயர்க்கப்பட்ட மியான்மர் நாட்டவர்’ என்று எழுதும் வங்கதேசம் அகதி என்ற சொல்லைத் தவிர்க்கிறது. இந்திய அரசுக்கு அவர்கள் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்திலிருந்து 2014 முடிவதற்குள் வந்த ஆறு மதத்தாரை அந்தப் பெயரிலிருந்து விடுவித்தது 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம். அந்த ஆறில் இஸ்லாம் இல்லை, அந்த மூன்றில் மியான்மர் இல்லை. இலங்கையும் இல்லாததால் நம் முகாம்களில் வாழும் ஈழத்தமிழரும் வெளியேதான். துன்புறுத்தப்பட்டு வந்தவரிடம் என்ன நடந்தது என்று விசாரிக்காமல் மதத்தை விசாரிக்கும் சட்டத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சென்னைக்கு அருகே கேளம்பாக்கத்துப் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் ரோஹிங்கியாக் குடும்பங்கள் பல ஆண்டுகளாகத் தங்கியிருக்கின்றன. அவர்களை அகதி என்று பதிவுசெய்ய, இந்தியாவில் அகதிகளுக்கென்று ஒரு சட்டமே இதுவரை இயற்றப்படவில்லை.