குடித்தனம் வைக்க ஒரு வீடு: மாட்டுங்கா சொல்லும் கதை

வேலை மாறி வேற ஊருக்குப் போய் வீடு தேடினவங்க எல்லாரும் ஒரு கேள்வியைத் தாண்டித்தான் வந்திருப்பீங்க. வாடகை, அட்வான்ஸ் எல்லாம் அப்புறம்தான். புரோக்கர் முதலில் கேட்பது: "பேமிலியா, பேச்சிலரா?"

தமிழில் வாடகைக்கு இருப்பவருக்கே 'குடித்தனக்காரர்' என்றுதான் பெயர். அதாவது வாடகைக்கு வருகிறவர் குடும்பத்தோடுதான் வருவார் என்பதை அந்தச் சொல்லே எடுத்துக்கொண்டுவிடுகிறது. ஆனால் நகரங்கள் அப்படி உருவாகவில்லை. இந்தியாவின் பெரிய தொழில் நகரங்கள் முதலில் தனி ஆண்களுக்கான ஊர்களாகத்தான் வளர்ந்தன. 'பேமிலிக்கு ஏத்த பிளாட்' என்பது அதற்கப்புறம், பல காரணங்கள் ஒன்றுசேர்ந்து வந்த ஒன்று. அது எப்படி வந்தது என்று பார்க்க நல்ல இடம் பம்பாய். அதிலும் மாட்டுங்கா. அந்தக் கதையில் தமிழர்கள் நடுவிலேயே இருக்கிறார்கள்.

ஆண்களின் ஊர்

1871ல் ராய்ச்சூரில் பம்பாய் பக்கத்து ரயில் பாதையும் மதராஸ் பக்கத்து ரயில் பாதையும் இணைந்தன. அதிலிருந்து மதராஸ் மாகாணத்து ஆள் ரயிலேறிப் பம்பாயில் இறங்குவது சாத்தியமாயிற்று. ஆனால் இறங்கி எங்கே தங்குவது?

அன்றைய பம்பாயின் பதில் 'சால்'. ஒரு நீளமான தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையாக ஒற்றை அறைகள், கடைசியில் எல்லாருக்கும் பொதுவான குழாயும் கழிப்பறையும். நம்ம ஊர் ஒண்டுக்குடித்தனத்தை மூன்று நான்கு மாடிக்கு அடுக்கி வைத்த மாதிரி. 1911 வாக்கில் நகர மக்களில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேர் ஒற்றை அறையில்தான் வாழ்ந்தார்கள். 1911லும் 1921லும் எடுத்த கணக்குப்படி, அங்கே ஆயிரம் ஆண்களுக்கு 600 பெண்கள்கூட இல்லை. பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில், ஆண் இங்கே, மாதாமாதம் மணியார்டர். நகரமே அப்படித்தான் ஓடியது.

இதை 'அந்தக் காலத்து வழக்கம்' என்று தள்ளிவிட முடியாது. மில் கூலியும் குமாஸ்தா சம்பளமும் ஒரு ஆள் வாழும் கணக்கில்தான் இருந்தன. குடும்பத்தைப் பராமரிக்கும் செலவைக் கிராமம் ஏற்றுக்கொண்டது.

பிளேக்கும் ஒரு கோணமும்

1896ல் மாண்ட்வி பகுதியில் பிளேக் வந்தது. மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள், வியாபாரம் படுத்தது. 1898ல் அரசு 'பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்' என்ற அமைப்பை ஏற்படுத்தியது. நெரிசலான பகுதிகளை இடிப்பது, அகலத் தெருக்கள் போடுவது, வடக்கே காலி நிலத்தில் புதிய குடியிருப்புகள் அமைப்பது இவையே அதன் வேலை. இடித்த வேகத்துக்குக் கட்டவில்லை என்ற புகார் அதன் மீது தொடக்கத்திலிருந்தே உண்டு. வீடிழந்த ஏழைகள் பக்கத்துத் தெருவில் இன்னும் நெருக்கியடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள்.

இந்த டிரஸ்ட் வைத்த ஒரு விதி என்னைப் போன்ற இன்ஜினியர் ஆட்களுக்குப் பிடிக்கும். ஜே. பி. ஆர் என்ற அதிகாரி டிரஸ்ட்டின் தலைவராக இருந்தபோது வலியுறுத்தியது: '63.5 டிகிரி விதி'. கட்டடத்தின் அடியிலிருந்து எதிரே நிற்கும் கட்டடத்தின் உச்சியைப் பார்த்தால், அந்தப் பார்வைக்கோடு தரையோடு 63.5 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. 63.5 டிகிரிக்கு டான் மதிப்பு ஏறக்குறைய 2. அப்படின்னா, 40 அடி உயரக் கட்டடத்துக்கு முன்னால் 20 அடியாவது திறந்தவெளி வேணும். கீழ்வீட்டு ஜன்னலுக்கும் வெளிச்சமும் காற்றும் வரணும், அவ்வளவுதான் நோக்கம்.

இன்றைக்கு நாம் 'நல்ல காற்றோட்டமான வீடு' என்று விளம்பரத்தில் பார்க்கிறோமே, அதற்குப் பின்னால் ஒரு காலத்தில் பிளேக் பயம் இருந்தது.

டிரஸ்ட் வடக்கே போட்ட திட்டங்களில் முக்கியமானது தாதர், மாட்டுங்கா பகுதி. நிலத்தை எடுத்து, தெரு போட்டு, மனைகளாகப் பிரித்து, நீண்டகாலக் குத்தகைக்கு விட்டார்கள். 1920களிலும் 30களிலும் அங்கே மூன்று நான்கு மாடிக் கட்டடங்கள் எழுந்தன. கிங்ஸ் சர்க்கிள், ஐந்து தோட்டங்கள், பார்சி காலனி, இந்து காலனி எல்லாம் இந்தக் காலத்து வேலை.

இதே 1920களில் அரசின் இன்னொரு துறை தொழிலாளிகளுக்காக வொர்லி, நாய்காம் போன்ற இடங்களில் பிடிடி சால்களைக் கட்டியது. அங்கே ஒரு குடும்பத்துக்கு சுமார் 160 சதுர அடியில் ஒரு அறை, கழிப்பறை பொது. ஒரே நகரம், ஒரே பத்தாண்டு. யாருக்கு எது 'போதும்' என்று அரசு நினைத்தது என்பது கட்டடத்திலேயே எழுதியிருக்கிறது.

கழிப்பறை உள்ளே வந்த கதை

மாட்டுங்காவின் புதுக் கட்டடங்களுக்கு யார் வந்தார்கள்? ஆங்கிலம் படித்து, டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு ஆபீஸ் வேலைக்கு வந்த தென்னிந்தியர்கள் நிறையப் பேர். தஞ்சாவூர், திருநெல்வேலி, பாலக்காடு பக்கத்துக்காரர்கள். இவர்களில் பிராமணர்கள் அதிகம்.

நிகில் ராவ் என்ற வரலாற்றாசிரியர் பம்பாய்ப் புறநகர் பிளாட்டுகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவர் காட்டும் ஒரு முக்கியமான விஷயம்: சாலிலிருந்து பிளாட்டுக்கு மாறியதில் பெரிய மாற்றம் கழிப்பறை வீட்டுக்குள் வந்ததுதான்.

இன்றைக்கு அது சாதாரணமாகத் தெரியும். மடி, ஆசாரம் பார்த்த குடும்பத்துக்கு அது லேசான விஷயமில்லை. ஊரில் கழிப்பறை கொல்லைக் கோடியில் இருக்கும். இங்கே சமையலறையிலிருந்து நாலு எட்டில். ஆனால் சாலில் இருந்த மாற்று வழி இதைவிடக் கஷ்டம். பல ஜாதியாரும் வரிசையில் நிற்கும் பொதுக் கழிப்பறை, பொதுக் குழாய். அதிலும் பெண்களுக்கு ராத்திரியில் தாழ்வாரக் கடைசிவரை நடந்து போக வேண்டிய நிலை. ஊரிலிருந்து மனைவியையும் வயதான அம்மாவையும் கூட்டிவர நினைத்தவனுக்கு, தனிக் குழாயும் தனிக் கழிப்பறையும் உள்ள இரண்டு அறை வீடுதான் வழி. 'செல்ஃப் கன்டெயின்ட்' என்று இன்றும் சொல்கிறோமே, அந்த வார்த்தையின் உண்மையான எடை இதுதான்.

இதற்கு ஒரு நிழல்பக்கமும் உண்டு. அந்தக் காலக் கட்டடங்கள் பலவற்றில் பின்பக்கம் ஒரு தனிப் படிக்கட்டு இருக்கும். கழிப்பறையைச் சுத்தம் செய்ய வருபவர் வீட்டுக்குள் கால் வைக்காமல் பின்வழியாக வந்து போவதற்கு. பொதுக் கழிப்பறை வரிசையில் கலந்து நின்ற ஜாதிகளை, பிளாட் மறுபடி பிரித்து வைத்தது. குடும்பத்துக்கு நிம்மதி கொடுத்த அதே வரைபடம்தான் இதையும் செய்தது.

நடந்து போகும் தூரம்

வீடு மட்டும் இருந்தால் குடும்பம் வந்துவிடாது. 1925 பிப்ரவரியில் பம்பாயில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மின்மயம் பரவப் பரவ, கோட்டைப் பகுதி ஆபீஸுக்கு வடக்கிலிருந்து தினமும் போய்வருவது சுலபமாயிற்று. 1932ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம், அதாவது எஸ்ஐஇஎஸ், தொடங்கி மாட்டுங்காவில் பள்ளிக்கூடம் வந்தது. கோயில், பஜனை, பூக்கடை, வாழை இலை, காப்பிக்கொட்டை எல்லாம் தெருவுக்கு வந்தன. 1940ல் கஃபே மெட்ராஸ், 1942ல் ராம நாயக்கின் உடுப்பி போர்டிங். இந்தச் சாப்பாட்டு இடங்களை இன்று ருசிக்காகத் தேடிப் போகிறோம். அன்றைக்கு அவை ஒரு ஏணியின் முதல் படி. ஊரிலிருந்து வந்த பையன் மெஸ்ஸில் சாப்பிட்டு, நாலு பேரோடு அறையைப் பகிர்ந்து, வேலை நிரந்தரமாகி, கல்யாணமாகி, அப்புறம் அதே பேட்டையில் இரண்டு அறை வீடு பார்ப்பான். 'பேச்சிலர்' என்பவன் குடித்தனக்காரனின் முந்தைய பருவம் மட்டுமே. அந்தப் பேட்டை இரண்டு பேரையும் தாங்கியது.

1966ல் சிவசேனை தொடங்கி, தென்னிந்தியர்களுக்கு எதிராகப் பிரச்சாரம் நடந்த காலத்தில், அக்கம்பக்கத்தில் நம்மவர்கள் இருப்பது வெறும் வசதியாக மட்டும் இல்லை, பாதுகாப்பாகவும் இருந்தது. 'நம்ம ஆளுங்க இருக்கிற ஏரியாவா பாரு' என்ற அறிவுரைக்கு இப்படி ஒரு நியாயமும் இருக்கிறது.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்

ஆனால் 'நம்ம ஆளுங்க' யார்? மாட்டுங்காவுக்கு மேற்கே ரயில் பாதையைத் தாண்டினால் தாராவி. அங்கேயும் தமிழர்கள்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தோல் தொழிலாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே அங்கே குடியேறத் தொடங்கினார்கள். தலித்துகளும் முஸ்லிம்களும் அவர்களில் கணிசம். அவர்களும் குடும்பத்தைக் கூட்டி வந்தார்கள், கோயிலும் பள்ளியும் அமைத்துக்கொண்டார்கள். 63.5 டிகிரி வெளிச்சம் அவர்களுக்கு வரவில்லை.

ஒரே மொழி, ஒரே நகரம், நடுவில் ஒரு தண்டவாளம். மாட்டுங்காவை மட்டும் 'பம்பாய்த் தமிழர் வரலாறு' என்று எழுதுவது இந்தப் பாதி கதையை விட்டுவிடுவது.

சமூகவாரியாகக் குடியிருப்பது தற்செயலாக மட்டும் நடக்கவில்லை. 1915ல் காம்தேவியில் சாரஸ்வதர்கள் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வீட்டுச் சங்கம் தொடங்கினார்கள். நடுத்தர வர்க்கம் தானே பணம் சேர்த்துத் தானே வீடு கட்டிக்கொள்ளும் அருமையான யோசனை அது. நம் நாட்டுக் கூட்டுறவு வீட்டு இயக்கத்துக்கே அது முன்னோடி. ஆனால் 'எங்கள் சமூகத்தார் மட்டும்' என்ற விதியும் அந்த இயக்கத்தோடு வளர்ந்தது. 2005ல், அகமதாபாத்தின் பார்சி வீட்டுச் சங்க வழக்கில், உறுப்பினர்களைத் தங்கள் சமூகத்தாருக்குள் வைத்துக்கொள்ளும் விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

சட்டம் பார்த்த 'குடும்பம்'

இனி வீட்டுக்காரர் பக்கம். 1947 பம்பாய் வாடகைச் சட்டம், வாடகையை 1940 செப்டம்பர் நிலவரத்தோடு கட்டிப்போட்டது. போர்க்கால நெருக்கடியில் குடித்தனக்காரரைக் காப்பாற்ற அது அவசியமாகவும் இருந்தது. குடித்தனக்காரர் இறந்தால் கூடவே வாழ்ந்த குடும்பத்தார் தொடரலாம் என்றும் சட்டம் சொன்னது. ஆக, மாட்டுங்காவில் குறைந்த வாடகைக்கு வீடு பிடித்தவரின் பேரனும் அங்கேயே இருக்க முடிந்தது.

உள்ளே இருந்தவர்களுக்கு அது வரம், வெளியே நின்றவர்களுக்குக் கதவடைப்பு. வாடகையில் லாபமில்லை என்றானதும் வாடகைக்கென்று வீடு கட்டுவது குறைந்தது. 'பக்டி' என்ற முன்பணம் கொடுத்து வாடகை உரிமையையே வாங்கும் முறை பெருகியது. சட்டத்தைச் சுற்றிப் போக 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தம் போட்டார்கள். 1973ல் ஒரு திருத்தம், அந்த பிப்ரவரி 1 அன்று அப்படிக் குடியிருந்தவர்களையும் பாதுகாக்கப்பட்ட வாடகைதாரர் ஆக்கியது. அதற்கப்புறம் வீட்டுக்காரர் மனதில் ஒரே கேள்வி: "இவர் காலி பண்ணுவாரா?"

இதை வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை புரியும். இன்று 'பேமிலி' என்றால் நம்பிக்கை. அன்றைய சட்டத்தின் கீழ் அங்கேயே வேர்விடும் குடும்பம்தான் வீட்டுக்காரரின் பயம். மாற்றலாகிப் போய்விடும் கம்பெனி அதிகாரி அவருக்கு நிம்மதி. சட்டம் மாறியதும் அந்தச் சொல்லின் மதிப்பும் மாறியது. நாடு முழுக்க நாம் கையெழுத்துப் போடும் 11 மாத ஒப்பந்தமும் இந்த வகைக் கணக்குதான். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யணும் என்கிறது 1908 பதிவுச் சட்டம். அதனால் ஒரு மாதம் குறைவாக.

இதில் நமக்கு என்ன?

புது ஊரில் வீடு தேடும்போது நாம் சதுர அடியையும் வாடகையையும் ஒப்பிடுகிறோம். மாட்டுங்கா சொல்லும் பட்டியல் வேற மாதிரி. ரயில் எவ்வளவு தூரம், பிள்ளை தானே நடந்து போகிற மாதிரி பள்ளி இருக்கா, அம்மா துணையில்லாமல் போய்வரக் கோயிலோ பூங்காவோ இருக்கா, கீழ்வீட்டு ஜன்னலில் வெயில் விழுதா. நூறு வருஷம் கழித்தும் இந்தப் பட்டியல் பழசாகவில்லை.

இன்னொன்றும் பார்க்கணும். 'பேமிலி மட்டும்' என்ற பலகை யாரையெல்லாம் வெளியே நிறுத்துகிறது என்று. பிள்ளையோடு தனியாக வாழும் தாயும் ஒரு குடும்பம்தான். வேலைக்காக ஒரே வீட்டில் தங்கும் அக்கா தங்கைகளும் குடும்பம்தான். பேரைக் கேட்டதும் "வீடு போயிடுச்சுங்க" என்று பதில் வாங்கும் முஸ்லிமும் தலித்தும் பெண்டாட்டி பிள்ளைகளோடுதான் வந்து நிற்கிறார்கள். அங்கே பலகையில் எழுதியிருப்பது 'பேமிலி', கேட்பது வேற ஏதோ.

நம்மில் பலர் இப்போது வீடு தேடுகிறவர்களாக மட்டும் இல்லை, வாடகைக்கு விடுகிறவர்களாகவும் ஆகிவிட்டோம். சொசைட்டி கூட்டத்தில் கை தூக்குகிறவர்களும் நாம்தான். அடுத்த முறை யாராவது 'நல்ல பேமிலியா பார்த்து விடுங்க' என்று சொன்னால், அதில் 'நல்ல' என்பதற்கு என்ன அர்த்தம் என்று கேளுங்கள். பதில் சொல்லக் கொஞ்சம் தடுமாறுவார்கள்.