பிரித்துப் பூட்டிய என்ஜினில் பேக் ஃபயர்

பேக் ஃபயர் என்பது சிலிண்டருக்குள் எரிந்து முடிய வேண்டிய பெட்ரோல் கலவை, வால்வு திறந்திருக்கும்போதோ சிலிண்டரை விட்டு வெளியேறிய பின்போ தீப்பிடித்து, கார்ப்பரேட்டர் வழியாகவோ சைலன்சர் வழியாகவோ வெடிச் சத்தத்துடன் வெளிப்படும் கோளாறு. கார்ப்பரேட்டரில் துப்புவதும் சைலன்சரில் வெடிப்பதும் பட்டறைகளில் ஒரே பெயரால்தான் வழங்குகின்றன; இங்கும் அவ்வாறே கொள்ளப்படுகிறது. நாள்பட ஓடிய வண்டியில் மெல்ல மெல்லத் தலைகாட்டும் வெடியும், போர் போட்டு, வால்வு லேப்பிங் செய்து, என்ஜினை இறக்கி ஏற்றிய கையோடு வரும் வெடியும் காதுக்கு ஒன்றாகவே கேட்கும். ஆனால் முன்னதில் தேய்மானத்தையும் எரிபொருளையும் சந்தேகிக்க இடமுண்டு. பின்னதில் வண்டி பட்டறைக்குள் நுழைந்தபோது இல்லாத ஒன்று வெளியே வரும்போது இருக்கிறது. ஆகவே எதைக் கழற்றி மாட்டினார்களோ அதிலிருந்துதான் விசாரணை தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கினால் பெரும்பாலும் போய் நிற்கும் இடம் கலவை அன்று, நேரம்: தீப்பொறியின் நேரம், வால்வின் நேரம். நடைமுறையிலோ முதல் ஸ்க்ரூடிரைவர் கார்ப்பரேட்டரின் ஏர் ஸ்க்ரூவுக்குத்தான் போகிறது. வெளியே இருப்பதால் கைக்கு எட்டுகிறது என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் இல்லை.

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரும், அதன் வடமேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் குரங்கணியும் இந்தக் கோளாற்றை எடைபோட ஏற்ற இடங்கள். போடி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரம். 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு சுமார் 1,370 மீட்டர். இந்த மலைச் சரிவின் போக்குவரத்து வரலாறு மோட்டார் சைக்கிளுக்கு முந்தையது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902இல் ஒற்றைத் தண்டவாளப் பாதையாகத் தொடங்கி, 1908இல் குறும்பாதை ரயிலாக மாறிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் தேயிலைப் பெட்டிகளைக் கொண்டுவந்து சேர்க்க, அங்கிருந்து அவை ரோப்வேயில் கோட்டகுடிக்கு இறங்கிப் போடிக்குப் போயின. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. இன்று ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிப் போவது ஜீப். தனியாக ஏறி இறங்குகிறவருக்கு இரு சக்கர வண்டி. ஏறும்போது என்ஜின் பாரத்தோடு முழுத் திராட்டிலில் இழுக்கிறது. இறங்கும்போது திராட்டில் மூடியபடி கியரிலேயே நெடுந்தூரம் வருகிறது. சமவெளியில் மறைந்திருக்கும் டைமிங் பிழை ஏற்றத்திலும், காற்றுக் கசிவு இறக்கத்திலும் வெளிப்பட்டுவிடும்.

தீப்பொறி எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்பதை மனிதன் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த வரலாறே பேக் ஃபயரின் வரலாறும் ஆகும். ஓட்டோ 1876இல் உருவாக்கிய நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் மின்பொறி இல்லை, சுடரால் பற்றவைத்தார்கள். டைம்லர் 1885இல் செய்த, மோட்டார் சைக்கிளின் முன்னோடி எனப்படும் வண்டியில் பழுக்கக் காய்ச்சிய குழாய் ஒன்று அந்த வேலையைச் செய்தது. காய்ந்த குழாய்க்கு நேரம் தெரியாது. கலவை அதனிடம் வந்து சேர்ந்ததும் பற்றும். 1890களில் பிரான்சின் டி டியோன்-பூட்டோன் நிறுவனம் பேட்டரி, காயில், கேமால் திறந்து மூடும் பாயிண்ட் ஆகியவற்றைக் கொண்டு தீப்பொறியைக் கிராங்கோடு கட்டிப்போட்டது. 1902இல் பாஷ் நிறுவனத்தில் ஹோனால்ட் உருவாக்கிய உயர் அழுத்த மேக்னெட்டோ பேட்டரியையும் தேவையற்றதாக்கியது. பாயிண்ட் வந்த பிறகுதான் தீப்பொறிக்கு ‘சரியான நேரம்’ என்று ஒன்று அமைந்தது. அதைத் தவறாக மாட்டும் வாய்ப்பும் அன்றே பிறந்தது.

தமிழ்நாட்டில் இந்த வாய்ப்பை நீண்ட காலம் உயிரோடு வைத்திருந்த வண்டி புல்லட். இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ஆலை திருவொற்றியூரில் அமைந்தது. 1960களின் இறுதியில் ரெட்டிட்ச் ஆலை மூடப்பட்டது. அதன் பிறகும், 1994இல் நிறுவனம் ஐஷர் குழுமத்தின் கைக்குப் போன பிறகும், 70 மில்லிமீட்டர் போரும் 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் கொண்ட அந்த 346 சிசி வார்ப்பிரும்பு என்ஜின் பாயிண்டோடுதான் ஆலையை விட்டு வந்தது. எலக்ட்ரானிக் இக்னிஷன் 2000களின் தொடக்கத்தில்தான் எட்டிப் பார்த்தது. பிரித்துப் பூட்டுவதற்கு இதைவிடத் திறந்த மனமுள்ள என்ஜின் இந்தியச் சாலைகளில் ஓடியதில்லை. பிழையாகப் பூட்டினாலும் அது மறுப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும் என்பதுதான் சிக்கல்.

நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் பிஸ்டன் ஒரு சுழற்சிக்கு இருமுறை உச்சிக்கு வருகிறது. ஒருமுறை கலவையை அமுக்கியபடி, இரண்டு வால்வும் மூடியிருக்க. மறுமுறை புகையை வெளியே தள்ளியபடி, எக்ஸாஸ்ட் வால்வு மூடும் தறுவாயிலும் இன்லெட் வால்வு திறக்கும் தறுவாயிலும் இருக்க. புல்லட்டின் பாயிண்ட் கேம் கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்வதால், சரியாக மாட்டினால் முதல் உச்சியில் மட்டும் பொறி விழும். அதை அரைச் சுற்று தள்ளி மாட்டிவிட்டால் பொறி இரண்டாம் உச்சியில், இரு வால்வும் சற்றே திறந்திருக்கும் வேளையில் விழுகிறது. கிக்கரை உதைத்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஆனால் கார்ப்பரேட்டரிலும் சைலன்சரிலும் வெடிக்கும். பெட்ரோல் வருகிறது, பிளக்கில் பொறியும் பளிச்சென்று தெரிகிறது, ஆகவே கார்ப்பரேட்டர்தான் என்ற முடிவுக்கு வரத் தூண்டுவது இந்தப் பிழையே. சோதிக்கும் வழி எளிது. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் விரலை வைத்துக் கிக்கரைக் கையால் அழுத்த வேண்டும். விரலைக் காற்று தள்ளிய பிறகு வரும் உச்சியில் இரண்டு புஷ் ராடும் விரலால் உருட்டும் அளவுக்குத் தளர்ந்திருக்கும். பிஸ்டன் அந்த உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால் இருக்கையில், அட்வான்ஸ் எடைகள் ஒடுங்கிய நிலையில், பாயிண்ட் வாய்திறக்கத் தொடங்க வேண்டும். முழுதாகத் திறந்தபின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். வாய்திறக்கும் கணத்தைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. ஹெட்லைட் மேலுள்ள அம்மீட்டரே சொல்லும்: சாவியைத் திருகி வைத்திருக்கையில் பாயிண்ட் மூடியிருந்தால் முள் சாய்ந்து நிற்கும், திறந்ததும் நடுவுக்கு வரும். இந்த நேரம் தேவைக்கு மேல் முந்திவிட்டால் கிக்கர் திருப்பி அடித்துக் காலைப் பதம் பார்க்கும். பிந்திவிட்டால் என்ஜின் சூடேறும், ஏற்றத்தில் இழுக்காது, எரிந்துகொண்டே வெளியேறும் புகையால் சைலன்சர் குமுறும்.

தீப்பொறி சரியாக இருந்தும் வெடித்தால் அடுத்த சந்தேகம் வால்வு டைமிங். புல்லட்டில் கிராங்க் பினியனிலும் இரண்டு கேம் பல்சக்கரங்களிலும் குறிகள் உண்டு. டைமிங் மூடியைத் திறந்தால் அவை எதிரெதிரே நிற்கின்றனவா என்று பார்த்துவிடலாம். கேம் செயின் வைத்த ஹோண்டா வகை என்ஜின்களில், 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100 தொடங்கி இன்றைய ஸ்ப்ளெண்டர் வரை, மேக்னட்டின் ‘டி’ குறியை நேர் நிறுத்திக் கேம் ஸ்ப்ராக்கெட் குறியை ஹெட்டிலுள்ள குறியோடு பொருத்துகிறார்கள். ஒரு பல்தானே என்று விட முடியாது. ஸ்ப்ராக்கெட்டில் 32 பல் இருப்பதாகக் கொண்டால், ஒரு பல் தவறுவது கிராங்க் கணக்கில் 22.5 டிகிரி. வண்டி ஸ்டார்ட் ஆகும், ஐட்லிங்கிலும் நிற்கும். போடிமெட்டுச் சாலையில் மூன்றாவது வளைவுக்குள் துப்பத் தொடங்கும். இவ்வகை வண்டிகளில் பொறி ஒவ்வொரு சுற்றிலும் விழுவதால், புல்லட்டில் நேரும் அரைச் சுற்றுப் பிழை இங்கே நேராது. அதற்குப் பதிலாக, மேக்னட்டைப் பிடித்திருக்கும் சிறு சாவி நசுங்கியோ வெட்டுப்பட்டோ இருந்தால், குறிகள் எல்லாம் நேராகத் தெரிய, பொறி மட்டும் இடம் மாறி விழும்.

மூன்றாவது இடம் டேப்பெட். வால்வை லேப்பிங் செய்தால் அது இருக்கையில் சற்று ஆழமாக அமர்கிறது, தண்டின் நுனி மேலே வருகிறது, இடைவெளி குறைகிறது. புதிய ஹெட் கேஸ்கெட் முதல் சில சூட்டில் அமுங்குவதால், புஷ் ராட் என்ஜினில் அதே இடைவெளி இன்னும் சுருங்குகிறது. வால்வு முழுதாக மூடாமல் நிற்க இதுவே போதும்: இன்லெட் என்றால் கார்ப்பரேட்டரில் துப்பும், எக்ஸாஸ்ட் என்றால் சைலன்சரில் வெடிக்கும், கவனிக்காமல் ஓட்டினால் வால்வே கருகும். வண்டியை எடுத்துப்போன அன்று நன்றாக ஓடி, ஒரு வாரம் கழித்து வெடிக்கத் தொடங்குவதன் விளக்கம் பெரும்பாலும் இதுதான். டேப்பெட்டை இரண்டாம் முறை பார்த்துத் தராதவர் வேலையை முடிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். பழைய புல்லட்டுக்கு விதி தெளிவு: என்ஜின் குளிர்ந்திருக்கும்போது புஷ் ராட் விரலுக்கு உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அதே என்ஜினின் டிகம்ப்ரஷர் கேபிளைத் தளர்வே இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தாலும் கலவை கசிந்து எக்ஸாஸ்டுக்குப் போய் வெடிக்கும். கண்டென்சர் கெட்டு பொறி விட்டுவிட்டு விழுந்தாலும் அப்படியே.

இதற்கு எதிராகப் பட்டறையில் சொல்லப்படும் வாதம் மலை. உயரம் போனால் காற்று மெலியும், கார்ப்பரேட்டர் கணக்கு மாறும், அதனால்தான் வெடிக்கிறது என்பார்கள். காற்று மெலிவது உண்மை. போடியிலிருந்து போடிமெட்டுக்குப் போகையில் அடர்த்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. கார்ப்பரேட்டர் தரும் கலவை அதனால் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு பெட்ரோல் மிகுந்ததாகிறது. ஆனால் பெட்ரோல் மிகுந்தால் பிளக் கறுக்கும், இழுவை மந்தமாகும், சைலன்சரில் கரும்புகை வரும். கார்ப்பரேட்டர் பக்கம் துப்புவதற்கு அது காரணமாகாது. மேலும், பிரிப்பதற்கு முன்னும் இதே வண்டி இதே மலையில்தான் ஏறியது, அப்போது வெடிக்கவில்லை. மலைவாதம் பொருந்துவது எதிர்த்திசையில்தான். மேலே பூப்பாறைப் பக்கத்தில் ஏர் ஸ்க்ரூவையும் ஜெட்டையும் அந்த உயரத்துக்கு அமைத்துவிட்டு அடிவாரத்துக்கு இறங்கினால் கலவை மெலிந்து, வெடிப்புக்கு இடம் கொடுக்கும்.

இன்னொரு வாதம் வலுவானது: இறக்கத்தில் திராட்டிலை மூடும்போது மட்டும் வெடித்தால் அதை டைமிங் பிழை என்று எப்படிச் சொல்வது? சொல்ல முடியாதுதான். திராட்டில் மூடியிருக்கையில் மெலிந்த கலவை சிலிண்டரில் ஒழுங்காகப் பற்றுவதில்லை. எரியாமல் வெளியேறியது, பைப் இணைப்பு வழியே புகுந்த காற்றோடு சேர்ந்து சூடான சைலன்சரில் வெடிக்கிறது. ஆனால் இங்கும் கார்ப்பரேட்டரைக் குற்றம் சொல்லும் முன், கழற்றி மாட்டிய இணைப்புகளைப் பார்ப்பதே முறை. எக்ஸாஸ்ட் பைப் ஹெட்டில் சேரும் இடத்தில் பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருப்பார்கள். மேனிஃபோல்ட் பேக்கிங் கிழிந்திருக்கும், அல்லது ஓ-ரிங் இடம் விலகியிருக்கும். ஐட்லிங்கில் ஓடும் என்ஜினின் மேனிஃபோல்ட் இணைப்பில் சில சொட்டு ஆயில் விட்டால், கசிவு இருக்குமிடத்தில் என்ஜின் சத்தம் மாறும். புகையைச் சுத்திகரிக்க எக்ஸாஸ்டுக்குள் காற்றை விடும் வால்வு கொண்ட பிற்கால வண்டிகளில், அந்த வால்வு மூட மறுத்தாலும் குழாய் மாறிப்போனாலும் இதே வெடிதான். இவை எல்லாம் சரியாக இருந்து, பொறியும் வால்வும் நேரத்தில் இருந்தால் மட்டுமே ஏர் ஸ்க்ரூவைத் தொடலாம்.

டிவிஎஸ் 50, யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் வால்வு டைமிங் இல்லாததால் பொறியின் நேரமும் கிராங்க் சீல் கசிவும் மட்டுமே பார்க்க வேண்டியவை. பாயிண்ட் வைத்த டூ ஸ்ட்ரோக்கில் நேரம் வெகுவாகத் தவறினால் என்ஜின் தலைகீழாகவே சுழலக்கூடும். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 விதி வந்து, புதிய வண்டிகளில் எரிபொருளை அளந்து விடும் வேலை கார்ப்பரேட்டரிடமிருந்து இன்ஜெக்டருக்குப் போய்விட்டது. கேம் செயின் குறியும் மேக்னட் சாவியும் அவற்றிலும் மாறவில்லை.

பூட்டிய வண்டியைச் சோதிப்போருக்கு ஒரு வேண்டுகோள். ஏர் ஃபில்டர் பெட்டியை மாட்டாமல் கிக்கரை உதைக்காதீர்கள். கார்ப்பரேட்டர் வழியே வரும் சுடர் வெளியே வழிந்த பெட்ரோலைப் பற்றவைக்கப் போதுமானது. வெடிக்கும் வண்டியைச் சோதனை ஓட்டம் என்று சொல்லிக் கோடையில் குரங்கணிக்கு மேலுள்ள காய்ந்த புல்வெளிப் பாதைகளுக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று மலையேறச் சென்ற பலரின் உயிரைக் காட்டுத்தீ பறித்தது அந்தச் சரிவில்தான். சோதனைக்குப் போடிமெட்டுத் தார்ச்சாலையே போதும்.