அசிமோவும் முன்கதைச் சுருக்கமும்

ஒரு நாவல் ஜெயித்துவிட்டால் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று ஒரு கூட்டம் கேட்கும். "அதுக்கு முன்னாடி என்ன நடந்தது?" என்று இன்னொரு கூட்டம் கேட்கும். ஆங்கிலத்தில் முதலாவதற்கு சீக்வல், இரண்டாவதற்கு ப்ரீக்வல் என்று பெயர். தமிழில் தொடர்கதை என்றால் வாராவாரம் பத்திரிகையில் வருவது என்று ஆகிவிட்டதால், நான் பின்கதை, முன்கதை என்றே எழுதுகிறேன். இரண்டையும் எழுதிச் சிக்கிக்கொண்டவர்களில் முக்கியமானவர் ஐசக் அசிமோவ். அவருடைய 'ஃபவுண்டேஷன்' வரிசையின் வரலாறே ஒரு நல்ல கதை. (முடிவுகளை உடைத்துச் சொல்லப் போகிறேன். படிக்காதவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

1941 ஆகஸ்ட் 1. அசிமோவுக்கு அப்போது 21 வயது, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேதியியல் மாணவர். 'அஸ்டவுண்டிங்' பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்ப்பெல்லைப் பார்க்க நியூயார்க் சுரங்க ரயிலில் போகிறார், கையில் கதைக் கரு எதுவும் இல்லை. மடியில் இருந்த இசைநாடகப் புத்தகத்தைத் திறந்தால் ஒரு படைவீரன் படம். வீரன், படை, பேரரசு, ரோமாபுரி என்று யோசனை ஓடுகிறது. ரோமின் வீழ்ச்சியை அப்படியே விண்மீன் மண்டலத்துக்கு மாற்றினால்? கேம்ப்பெல் குஷியாகி, ஒரு கதை போதாது, முடிவில்லாத வரிசையாக எழுது என்றார்.

கரு இதுதான். ஹாரி செல்டன் என்ற கணித மேதை, கோடானுகோடி மக்கள் கூட்டத்தின் போக்கைக் கணக்குப் போட்டுச் சொல்லும் 'சைக்கோஹிஸ்டரி'யை உருவாக்குகிறார். பேரரசு விழும், 30,000 வருடம் இருட்டு. தான் சொல்கிறபடி செய்தால் அதை 1,000 வருடமாகக் குறைக்கலாம் என்கிறார். ஆக, கதைக்குள்ளேயே ஆயிரம் வருடத்துக்கு அட்டவணை போட்டாயிற்று!

முதல் கதை 1942 மே இதழில் வந்தது. அதில் அசிமோவ் ஒரு குறும்பு செய்தார். சிக்கலுக்குத் தீர்வு தெரிந்துவிட்டது என்று நாயகன் சால்வர் ஹார்டின் நினைப்பதோடு கதையை நிறுத்திவிட்டார். தீர்வு என்ன என்று சொல்லவில்லை. அடுத்த கதையை கேம்ப்பெல் வாங்கியே ஆக வேண்டும் அல்லவா! ஆனால் எழுத உட்கார்ந்தபோது தீர்வு அவருக்கே பிடிபடவில்லை. நண்பர் ஃபிரெடெரிக் போலோடு புரூக்ளின் பாலத்தில் நடந்து பேசித்தான் அந்த முடிச்சை அவிழ்த்தார். இரண்டாம் கதை ஜூன் இதழிலேயே வந்துவிட்டது. பின்கதையின் முதல் ஆபத்து முதல் மாதத்திலேயே தெரிந்துபோயிற்று: நேற்று நாம் போட்ட முடிச்சு இன்று நம் கழுத்தில்.

1945-ல் கேம்ப்பெல் இன்னொரு வேலை வைத்தார். செல்டன் திட்டம் எப்போதும் ஜெயித்தால் சுவாரஸ்யம் ஏது, ஒருமுறை அதைக் கவிழ்த்துவிடு என்றார். அப்படிப் பிறந்தவன்தான் 'மியூல்'. மற்றவர் மனதை மாற்றும் சக்தி கொண்ட தனிமனிதன். கூட்டத்தைக் கணிக்கும் கணிதம் ஒற்றை ஆளிடம் தோற்கிறது. இந்த வரிசையின் உச்சம் இதுதான் என்பது என் கட்சி. வற்புறுத்தலில் எழுதியது இவ்வளவு நன்றாக வந்ததுதான் வேடிக்கை.

பிறகு அலுப்பு. நம் வாரப் பத்திரிகைகளில் தொடர்கதைக்கு மேலே 'முன்கதைச் சுருக்கம்' என்று ஒரு கட்டம் போடுவார்கள், வேலை முடிந்தது. அசிமோவுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு கதையிலும் முந்தைய நூற்றாண்டுகளை யாராவது ஒரு பாத்திரத்தின் வாயில் திணிக்க வேண்டும், முன்பு எழுதியதோடு எதுவும் மோதவும் கூடாது. 1950 ஜனவரியில் கடைசிப் பகுதி வந்ததோடு கும்பிடு போட்டுவிட்டார். ஆயிரம் வருடத்தில் பாதிகூடத் தாண்டவில்லை.

1951 முதல் 1953 வரை க்னோம் பிரஸ் இவற்றை மூன்று புத்தகங்களாகப் போட்டது. முதல் புத்தகம் சட்டென்று தொடங்குவதுபோல் இருந்ததால், செல்டன் மீது நடக்கும் விசாரணையை ஒரு கதையாக எழுதி முன்னால் சேர்த்தார். அதாவது நாம் முதலில் படிக்கிற அத்தியாயம், அவர் கடைசியாக எழுதியது. இந்த வரிசையின் முதல் முன்கதை அதுதான். பலருக்கு அது முன்கதை என்றே தெரியாது, அவ்வளவு இயல்பாக ஒட்டிக்கொண்டது. 1966-ல் எல்லாக் காலத்துக்கும் சிறந்த வரிசை என்று ஹியூகோ விருது கொடுத்தார்கள். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' அன்று தோற்றது.

முப்பது வருடம் வாசகர்கள் நச்சரித்தும் அவர் அசையவில்லை. 1981-ல் டபுள்டே நிறுவனம் 50,000 டாலர் முன்பணம் என்றது. வழக்கமாகக் கொடுப்பதைப்போல் பத்து மடங்கு! பழைய மூன்றையும் மறுபடி படித்துப் பார்த்தார். இதில் எதுவுமே நடக்கவில்லையே, எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்களே என்று அவருக்கே ஆச்சரியம். ஆனாலும் அதே பாணியில் 1982-ல் 'ஃபவுண்டேஷன்ஸ் எட்ஜ்' வந்தது. அதற்குமுன் இருநூறு புத்தகங்களுக்கு மேல் எழுதியிருந்தும், நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் அவர் ஏறியது இதில்தான்.

இங்கேதான் எனக்கு வருத்தம். அதில் ட்ரெவைஸ் என்பவன் செல்டன் திட்டத்தையே ஒதுக்கிவிட்டு, மண்டலம் முழுக்க ஒரே மனமாக இணையும் 'கேலக்ஸியா'வைத் தேர்ந்தெடுக்கிறான். தான் ஏன் அப்படிச் செய்தோம் என்று தெரியாமல் 1986-ல் வந்த 'ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்'தில் பூமியைத் தேடிப் போகிறான். அங்கே நிலாவில் உட்கார்ந்திருப்பது டேனீல் என்ற ரோபோ, 1953-ல் வேறொரு வரிசைக்காகப் படைத்த பாத்திரம்! ஃபவுண்டேஷனில் ரோபோவே கிடையாது. இரண்டையும் தைக்க 1985-ல் 'ரோபோட்ஸ் அண்ட் எம்பயர்' என்று ஒரு பாலம் வேறு கட்டியிருந்தார். தையல் கச்சிதம்தான். ஆனால் மக்கள் திரள்தான் வரலாற்றை நகர்த்துகிறது என்று நம்பிப் படித்த முதல் மூன்று புத்தகங்களுக்குப் பின்னால், பல்லாயிரம் வருட வயதான ஒரு ரோபோ நூலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்றால் அந்த மூன்றும் சிறுத்துப் போகின்றன.

இதற்கு அடுத்து என்ன என்று அசிமோவுக்கும் தெரியவில்லை. முன்னே வழி அடைத்ததால் பின்னே திரும்பினார். 1988-ல் 'ப்ரெலூட் டு ஃபவுண்டேஷன்'. இதில் செல்டனுக்கு 32 வயது. கணிதம் காகிதத்தில் சரி, நடைமுறையில் முடியாது என்று அவரே சொல்லித் திரிகிறார். அவர் ஜெயிப்பார் என்று நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. முன்கதைக்குக் கிடைக்கும் சுவை அது ஒன்றுதான்.

கடைசிப் புத்தகம் 'ஃபார்வர்ட் த ஃபவுண்டேஷன்'. 1983-ல் நடந்த இதய அறுவை சிகிச்சையில் ஏற்றிய ரத்தத்தால் அசிமோவுக்கு எச்.ஐ.வி. தொற்றியிருந்தது. இது 2002-ல்தான் வெளியே தெரிந்தது. உடல் தளர்ந்த நிலையில் எழுதினார். பகுதிக்குப் பகுதி செல்டனுக்கு வயது ஏறுகிறது, ஆட்கள் குறைகிறார்கள். பேரரசர் கிளியோன், பதவி உயர்வு பிடிக்காத ஒரு தோட்டக்காரன் கையால் சாகிறார். நல்லவன், தலைமைப் பதவி கொடுத்து அலுவலகத்தில் அடைத்துவிடுவார்களே என்ற பயத்தில் சுட்டுவிடுகிறான். எந்தச் சமன்பாட்டிலும் வராத ஆள். மியூலின் ஏழைத் தம்பி! மனைவி டார்ஸ் போகிறாள், கூட உழைத்த அமரில் போகிறார், கடைசியில் செல்டன் தனியாக மேசையிலேயே இறந்து கிடக்கிறார். அசிமோவ் 1992 ஏப்ரல் 6-ல் காலமானார். புத்தகம் 1993-ல் வந்தது. பிரச்சினையிலிருந்து தப்பிக்கப் போன இடத்தில் மனதைத் தொடும் புத்தகம் கிடைத்திருக்கிறது.

அவருக்குப் பின் 1997 முதல் 1999 வரை பென்ஃபோர்ட், பேர், பிரின் என்று மூன்று பேர் குடும்பத்தின் அனுமதியோடு ஆளுக்கொரு நாவல் எழுதினார்கள். மூன்றும் செல்டனின் ஆயுளுக்குள்தான் நடக்கின்றன. மிச்சம் ஐந்நூறு வருடத்தைத் தாண்டிப் போனவர் டொனால்ட் கிங்ஸ்பரி. 2001-ல் 'சைக்கோஹிஸ்டாரிக்கல் கிரைசிஸ்' என்ற நாவலில், இரண்டாம் பேரரசு அமைந்த பிறகு நடக்கும் கதையை எழுதினார். அதிகாரபூர்வ அனுமதி இல்லாததால் பெயர்களை எல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. தலைநகர் டிரான்டர் அதில் 'ஸ்ப்ளெண்டிட் விஸ்டம்'. பெயரை மாற்றினாலும் பக்கத்தைப் புரட்டினால் தெரு அடையாளம் தெரிகிறது.