ஜெஹான் தாருவாலா: தடமில்லாத நகரத்தின் பந்தய வீரர்

மும்பையில் 1998 அக்டோபர் 1 அன்று பிறந்த ஜெஹான் தாருவாலா, பார்முலா 2 கார் பந்தயம் ஒன்றில் வென்ற முதல் இந்தியர். 2020 டிசம்பர் 6 அன்று பஹ்ரைனின் சாகிர் தடத்தில் அந்த வெற்றி கிடைத்தது. பார்முலா 2 என்பது பார்முலா 1-க்கு நேர் கீழே உள்ள படி. ஜிபி2 என்ற பெயரில் அது நடந்த காலத்திலேயே சென்னையின் கருண் சந்தோக் 2007-இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் வென்றிருந்தார்.

இந்தியக் கார் பந்தயத்தின் தாய்வீடு சென்னைதான். இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுபாதையான சோழவரத்தில் பந்தயம் வளர்ந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடத்தை அமைத்தது. பார்முலா 1-ஐ எட்டிய இந்தியர்கள் இருவர்: கோவையின் நரேன் கார்த்திகேயன், சென்னையின் கருண் சந்தோக். இருவரும் பந்தயக் குடும்பங்களில் பிறந்தவர்கள். தடமும் பக்கத்திலேயே இருந்தது. மும்பைக்கு அது வாய்க்கவில்லை. ஜுஹு விமானத் தளத்தில் ஒரு காலத்தில் பந்தயங்கள் நடந்தன. ஆனால் குடியிருக்கவே இடம் போதாத தீவு நகரத்தில் பந்தயத் தடத்துக்கு நிலம் ஒதுக்க யாரும் முன்வரவில்லை. மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் நடுவே வடாலாவில் அமைந்ததைப் போன்ற சிறிய கோ-கார்ட் தடங்கள்தான் மும்பைப் பிள்ளைகளுக்குக் கிடைத்தவை. பணமும் ரசிகர்களும் நிறைந்த நகரம் ஒன்று தன் வீரர்களை இப்படி வெறுங்கையோடு விட்டது பெரிய குறை.

தாருவாலா 2011-இல் மும்பையில் ரயோமண்ட் பனாஜியின் பயிற்சியில் கார்ட் ஓட்டத் தொடங்கினார். ஐரோப்பாவில் ஏழெட்டு வயதிலேயே போட்டிக்கு வந்துவிடுவார்கள். அந்தக் கணக்கில் இது மிகவும் தாமதம். ஆனால் அதே ஆண்டு பார்முலா 1 அணியான போர்ஸ் இந்தியா நாடெங்கும் நடத்திய இளம் வீரர் தேர்வில் அவரும் அர்ஜுன் மைனியும் தருண் ரெட்டியும் தேர்வாயினர். அது அவரை ஐரோப்பியக் கார்ட் தடங்களுக்குக் கொண்டுபோனது. 2013-இல் பிரிட்டனின் சூப்பர் 1 கார்ட் தொடரில் ஜூனியர் பட்டம் வென்றார். மறு ஆண்டு உலகப் போட்டியில் மூன்றாம் இடம் பிடித்தார்.

2015-இல் பார்முலா ரெனோ கார்களுக்கு மாறினார். 2017-இல் நியூசிலாந்து கிராண்ட் பிரியை வென்றார். ஐரோப்பிய பார்முலா 3-இல் கார்லின் அணியோடு கழிந்த இரண்டு ஆண்டுகள் ஏற்ற இறக்கமானவை.

திருப்பம் இத்தாலியிலிருந்து வந்தது. வடக்கு இத்தாலியின் விசென்சா அருகே கிரிசிஞானோவில் இயங்கும் பிரேமா அணி, இளம் ஓட்டுநர்களைப் பக்குவப்படுத்துவதில் பெயர் பெற்றது. 2019-இல் அந்த அணிக்காக பார்முலா 3-இல் ஓட்டி, பார்சிலோனாவிலும் பிரான்சின் பால் ரிக்காரிலும் வென்று, தொடரில் மூன்றாம் இடம் பெற்றார். முதல் மூன்று இடங்களுமே பிரேமா ஓட்டுநர்களுக்குத்தான். அடுத்த ஆண்டு ரெட் புல் நிறுவனம் தன் இளையோர் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள, கார்லின் அணியில் யூகி சுனோடாவுடன் பார்முலா 2-க்கு வந்தார்.

பார்முலா 2-இல் எல்லா அணிகளும் ஒரே மாதிரிக் காரைத்தான் ஓட்டுகின்றன. உடற்சட்டம் இத்தாலியின் டல்லாரா நிறுவனத்தது, டயர் மிலானின் பிரெல்லி. அதனால் காரை அணி எப்படிச் சரிசெய்கிறது, டயரை ஓட்டுநர் எப்படிக் காப்பாற்றுகிறார் என்பதில்தான் வித்தியாசம் தெரியும். பந்தயமும் இரண்டு வகை. குறும்பந்தயத்தில் முன்னணி வரிசையைத் தலைகீழாக்கி நிறுத்துவார்கள். முதன்மைப் பந்தயத்தில் தகுதிச்சுற்றில் பெற்ற இடத்திலிருந்தே கிளம்பவேண்டும். நடுவே கட்டாயம் டயர் மாற்றவேண்டும். சாகிர் வெற்றியும் 2021-இல் இத்தாலியின் மோன்சாவில் கிடைத்த வெற்றியும் குறும்பந்தயங்களில் வந்தவை. 2022-இல் மீண்டும் பிரேமாவுக்கு ஓட்டிய அவர், செப்டம்பர் 11 அன்று அதே மோன்சாவில் முதன்மைப் பந்தயத்தை வென்றார். நீண்ட நேர்ப்பாதைகளும் கடும் பிரேக்கும் சேர்ந்த அந்தத் தடத்தில், இத்தாலிய அணியின் காரில், இத்தாலிய ரசிகர்கள் முன் வென்றது அவருடைய வாழ்வின் மிகச் சிறந்த ஓட்டம் என்று தயங்காமல் சொல்லலாம். அதே ஆண்டு மெக்லாரன் அணி சில்வர்ஸ்டோனில் அவருக்கு பார்முலா 1 கார் ஓட்டும் சோதனை வாய்ப்பும் கொடுத்தது.

ஆனால் பார்முலா 1-க்கு சோதனை ஓட்டம் போதாது. அதற்கான சிறப்பு உரிமத்துக்கு 40 புள்ளிகள் வேண்டும். பார்முலா 2-இல் முதல் மூன்று இடங்களில் ஒன்றைப் பிடித்தால் ஒரே ஆண்டில் அது கிடைக்கும். ஏழாம் இடத்துக்கு 8 புள்ளிதான். தாருவாலா 2021, 2022 இரண்டு ஆண்டுகளிலும் ஏழாம் இடத்தில் முடித்தார். தனித்தனிப் பந்தயங்களில் வெல்லும் திறமை அவரிடம் இருந்தது. ஆண்டு முழுவதும் ஒரே சீராகப் புள்ளி சேர்க்கும் பழக்கம் சிறு வயதிலிருந்தே வரவேண்டியது. அங்கேதான் தாமதமான தொடக்கத்துக்கு அவர் விலை கொடுத்தார். 2022-உடன் ரெட் புல் உறவு முடிந்தது. 2023-இல் எம்பி மோட்டார்ஸ்போர்ட் அணியில் வெற்றியே கிட்டவில்லை.

2024-இல் மின்சாரக் கார்களின் உலகப் போட்டியான பார்முலா ஈ-யில் மசெராட்டி எம்எஸ்ஜி அணி அவரை முழுநேர ஓட்டுநராக்கியது. 2014-15 பருவத்தில் மகிந்திரா அணியில் ஓட்டிய கருண் சந்தோக்குக்குப் பிறகு இந்த இடத்துக்கு வந்த இந்தியர் அவரே. 2023-இல் ஹைதராபாதில் நடந்த போட்டி 2024-லும் நடக்கவிருந்தது; ஜனவரியில் அது ரத்தானதால், சொந்த நாட்டில் ஓட்டும் வாய்ப்பு நழுவியது. அந்தப் பருவத்தோடு மசெராட்டி இருக்கையும் போனது. பார்முலா 2-இல் அவர் விட்ட இடத்திலிருந்து பெங்களூருவின் குஷ் மைனி தொடர்ந்தார். 2025-இல் மொனாக்கோ குறும்பந்தயத்தை வென்றார்.