சுதந்திரமும் பிரசாவுரிமையும்: மலையகத்திலிருந்து டி. எஸ். சேனநாயக்கவை மதிப்பிடுதல்

டி. எஸ். சேனநாயக்கவின் அரசியல் வாழ்வை எழுதுவோர் அதனை இரண்டாகப் பிரித்துக்கொள்வது வழக்கம். மதுவொழிப்பு இயக்கத்தில் வளர்ந்து, 1915 கலவரத்தின்போது பிரித்தானியரால் சிறைவைக்கப்பட்டு, 1931 முதல் விவசாய, காணி அமைச்சராகப் பணியாற்றி, 1948 பெப்ரவரி 4இல் இலங்கையைச் சுதந்திரத்துக்கு இட்டுச்சென்ற தலைவர் ஒருவர். அதே ஆண்டில் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய பிரதமர் மற்றொருவர். முன்னது சாதனை, பின்னது சாதனைக்குப் பின் நேர்ந்த சறுக்கல் என்று கணக்கு முடிக்கப்படுகிறது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்தோரின் நிலையிலிருந்து சான்றுகளை வரிசைப்படுத்தினால் இப்பிரிப்பு நிற்காது. அவர் பெற்ற சுதந்திரத்தின் வடிவத்திலேயே இந்த விலக்கலுக்கான இடம் விடப்பட்டிருந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

டொனமூர் ஆணைக்குழு 1928இல் சர்வசன வாக்குரிமையைப் பரிந்துரைத்தபோது, ஐந்தாண்டு வதிவு போதும் என்றது. சட்டவாக்க சபையில் இதற்கு எழுந்த எதிர்ப்பின் முன்னணியில் சேனநாயக்க இருந்தார். விளைவாக, 1931இல் தோட்டத் தொழிலாளர் தமது நிரந்தரக் குடியிருப்பை நிறுவியே வாக்காளராக முடிந்தது. 1940இல் டெல்லியில் நடந்த பேச்சுவார்த்தையிலும் அவர் தம் நிலையைத் தளர்த்தவில்லை. 1946இல் கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மியர் தோட்டத்தை, தொழிலாளர் வழக்கில் உருளவள்ளியை, கிராம மக்களுக்குப் பகிர்ந்தளிக்க அரசு எடுத்தது. அங்கு வாழ்ந்த தொழிலாளர் வெளியேற மறுத்தனர். அத்துமீறல் வழக்குகளும் பெரும் வேலைநிறுத்தமும் தொடர்ந்தன. நிலமற்றவருக்கு நிலம் தரும் கொள்கை சேனநாயக்கவின் வாழ்நாள் பணி. அதன் நேர்மையை நான் ஐயுறவில்லை. ஆனால் அக்கொள்கை கருதிய ‘நிலமற்றவர்’ என்ற வகைக்குள், தலைமுறைகளாக லயன் அறைகளில் வாழ்ந்து அடி நிலமும் சொந்தமில்லாதிருந்த மனிதர் அடங்கவில்லை. இவற்றினும் கூர்மையான சான்று, சுதந்திர இலங்கைக்கு அடிப்படையான சோல்பரி அரசியல் யாப்பில் உள்ளது. குடிவரவு, வாக்குரிமை பற்றிய சட்டமூலங்கள் மன்னரின் ஒப்புதலுக்கென நிறுத்திவைக்கப்படும் வகைக்குள் அடங்கா என்று ஏற்பாடு செய்யப்பட்டது. யார் இந்நாட்டவர் என்ற வினாவுக்கு யாப்பு விடை தரவில்லை. விடை சொல்லும் அதிகாரம் வரப்போகும் பெரும்பான்மையின் கையில் விடப்பட்டது.

1947 பொதுத்தேர்தல் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த அவசரத்தைத் தந்தது. 95 தொகுதிகளில் ஐக்கிய தேசியக் கட்சி 42ஐ மட்டுமே வென்றது. நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை என இலங்கை இந்திய காங்கிரஸின் வேட்பாளர் பலர் வென்றனர். வேறு தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்கு வலுவூட்டின. அடுத்த ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவரிடமும் தந்தையின் பிறப்பை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் கேட்டது. பிறப்புப் பதிவே அரிதாக இருந்த தோட்டங்களில் இது பெரும்பாலோரால் நிறைவேற்ற இயலாத நிபந்தனை. 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. ஏற்கப்பட்டோர் சுமார் 1,34,000 பேர். அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் பிரசைகளுக்கே வாக்கு என்றது.

புதிய அரசு தன் குடிமக்களை வரையறுப்பது இறைமையின் இயல்பான உரிமை, சட்டம் எந்த இனத்தையும் பெயரிடவில்லை என்பது வலுவான மறுப்பு. கோடகன் பிள்ளை வழக்கில் 1953இல் கோமறைக் கழகமும், சோல்பரி யாப்பில் சிறுபான்மையினரைக் காக்கும் 29ஆம் பிரிவு மீறப்படவில்லை என்றே தீர்ப்பளித்தது. உரிமை இருந்தது என்பதை ஏற்கலாம். அது எதற்காகப் பயன்பட்டது என்பதற்குத் தொகுதி நிர்ணய முறையே விடை தருகிறது. மாகாணங்களுக்கான ஆசனங்கள் நிலப்பரப்போடு மொத்தச் சனத்தொகையையும் கொண்டு கணிக்கப்பட்டன. வாக்கிழந்தவரும் அக்கணக்கில் சேர்ந்தனர். கொழுந்து பறிப்பவரின் தலை ஆசனத்தைக் கூட்ட உதவியது, அவரது வாக்கு மட்டும் நீங்கியது. மிஞ்சிய சிறு தொகை வாக்காளர் அந்த ஆசனங்களை நிரப்பினர். குடிமையைத் தூய்மையாக வரையறுப்பதே நோக்கமாயின் இந்த இலாபம் முதலில் திருத்தப்பட்டிருக்க வேண்டும். அது திருத்தப்படவில்லை.

கண்டிய விவசாயியின் நிலப்பறிப்பு உண்மையான குறை என்பது இன்னொரு மறுப்பு. உண்மைதான், ஆனால் அந்நிலத்தைப் பறித்தவர்கள் தோட்டக் கம்பனிகளும் குடியேற்ற அரசும். 1948க்குப் பின்னரும் பிரித்தானியக் கம்பனிகளின் உடைமைக்குக் கேடு வரவில்லை. வரலாற்றுக் கடனைக் கூலிகள் செலுத்தினர். சேனநாயக்க மிதவாதி, பின்வந்தோரின் மொழிவெறி அவரிடம் இல்லை என்பதும் சரியே. அந்த மிதவாதமே வடக்குத் தமிழர் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலத்தை 1948இல் அமைச்சரவைக்கு அழைத்தது. வடக்குத் தமிழரின் ஒரு பகுதியைச் சேர்த்துக்கொண்டு மலையகத் தமிழரை விலக்க முடிந்ததால்தான் விலக்கல் இனவாதமாகத் தோன்றவில்லை. இதனை உணர்ந்து பொன்னம்பலத்திடமிருந்து பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினார். நாடாளுமன்றத்தில் சட்டத்தை எதிர்த்த சிங்கள இடதுசாரிகளையும் இங்கு நினைவுகூர வேண்டும். அக்காலத்துச் சிங்கள அரசியலுக்கு வேறு வழியே தெரியவில்லை என்ற வாதத்தை அவர்களது எதிர்ப்பு பொய்யாக்குகிறது.

1952 மார்ச்சில் சேனநாயக்க இறந்தார். அவ்வாண்டுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸின் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. 1947இல் நுவரெலியா தெரிவுசெய்த தொண்டமான் மக்கள் வாக்கால் மீண்டும் நாடாளுமன்றம் செல்ல 1977 வரை காத்திருக்க நேர்ந்தது. எஞ்சியோரின் பிரசாவுரிமைக்கான சட்டம் 2003இல்தான் வந்தது. இலங்கைச் சுதந்திரத்தை ஆய்வோர் 1948 பெப்ரவரியையும் அவ்வாண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த பிரசாவுரிமைச் சட்டத்தையும் ஒரே அத்தியாயத்தில் எழுத வேண்டும்.